பீங்கான் அடுப்புக்குத் துணையாக எந்தக் கரி அடுப்பு?

கேள்வி: நங்கநல்லூரில் தனி வீட்டில் வசிக்கிறோம். கமாடோ என்ற பெயரில் விற்கப்படும் முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு ஒன்று இரண்டு ஆண்டுகளாக எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. முழுக் கோழியும் ஆட்டுத் தொடையும் ரொட்டியும் அதில் மிக நன்றாக வருகின்றன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் குடும்பமும் தம்பி குடும்பமும் வந்து பன்னிரண்டு பேர் ஆகிவிட்டால், மீனும் சாப்ஸும் இறாலும் சுட்டுப் போடுவதற்கு அது ஈடுகொடுப்பதில்லை. கம்பி வலையின் விட்டம் 18 அங்குலம்தான். அதோடு, ஒருமுறை சூடு ஏறிவிட்டால் அது தணிவதற்குள் விருந்தே முடிந்துவிடுகிறது. துணைக்கு இன்னொரு கரி அடுப்பு வாங்க விரும்புகிறேன். கடைக்காரர் இதே வகையில் பெரியதாக ஒன்றை வாங்கச் சொல்கிறார். மாப்பிள்ளையோ, மூடி போட்ட கெட்டில் வகை போதும் என்கிறார். தங்கள் கருத்து என்ன?
— வாசகர், நங்கநல்லூர்

பதில்: கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். மாப்பிள்ளை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் அடுப்பு சிறியது என்பதைவிட, அது பீங்கான் அடுப்பு என்பதுதான் இங்கே சிக்கல். அதைவிடப் பெரியதாக இன்னொன்றை வாங்கினால் இடம் கூடும். நீங்கள் சொல்லும் குறை அப்படியே இருக்கும்.

கமாடோ என்பது ஜப்பானிய மொழியில் அடுப்பைக் குறிக்கும் சொல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இவ்வகை அடுப்புகளைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974இல் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் தொடங்கிய 'பிக் க்ரீன் எக்' நிறுவனம்தான் பச்சை நிற முட்டை வடிவத்தை உலகறியச் செய்தது. இதன் சுவர் கனமானது. மூடியும் இறுக்கமாகப் பொருந்துவது. ஆகவே கீழ்த் துளையையும் மேல் துளையையும் ஒரு விரற்கடை அளவுக்குத் திறந்து வைத்தாலே போதும். ஒரு தடவை போட்ட கரியைக் கொண்டு 110 டிகிரி சூட்டில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது நின்று எரியும். வேறெந்தக் கரி அடுப்பும் இவ்வளவு சிக்கனமாக எரிவதில்லை. ஆனால் வெப்பத்தை விடாமல் பிடித்து வைக்கும் அதே சுவர், 300 டிகிரிக்குப் போன பிறகு 150க்கு இறங்கிவா என்றால் வராது. கரியும் குழியின் அடியில், வலையிலிருந்து வெகு தொலைவில் கிடக்கிறது. மூடியைத் திறந்து வைத்துச் சமைத்தால் காற்று தாராளமாகப் புகுந்து கரி முழுவதும் பற்றிக்கொள்ளும். மூடிச் சமைத்தால் நாற்புறமும் சூழ்ந்த வெப்பத்தில் மீன் வேகுமே தவிர, சுடப்பட்ட மீனாகாது. வேகுவதும் சுடுவதும் ஒன்றல்ல என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மெரினாவில் சோளக்கதிர் சுட்டு விற்பவரைச் சற்று நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். ஒரு தட்டு நிறையக் கரி, அதன்மேல் அனேகமாகத் தொட்டுக்கொண்டே இருக்கும் கதிர், கையில் ஒரு விசிறி; அவ்வளவுதான் அவருடைய கருவி. விசிறியை வேகமாக வீசும்போது கங்கு செக்கச்செவேலென்று ஒளிர்வது காட்சிக்கு அழகு மட்டுமல்ல. கங்கிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சு, அதன் தனி வெப்பநிலையின், அதாவது கெல்வின் அளவில் கணக்கிடும் வெப்பநிலையின், நான்காம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. 700 டிகிரியில் இருக்கும் கங்கை விசிறி 850 டிகிரிக்குக் கொண்டுவந்தால், வெளிப்படும் வெப்பம் முக்கால் பங்குக்கும் மேலாகக் கூடிவிடும். விசிறுவதை நிறுத்தினால் சில நொடிகளில் அடங்கிவிடும். நெருக்கம், திறந்த வெளி, நினைத்த மாத்திரத்தில் கூட்டவும் குறைக்கவும் முடிகிற வசதி, இவை எவையும் உங்கள் பீங்கான் அடுப்பில் இல்லை. அதில் ஓர் அப்பளத்தைக்கூட ஒழுங்காகச் சுட முடியாது என்பதை நினைத்தால், துணைக்கு வர வேண்டியது எது என்பது விளங்கிவிடும்.

இப்போது மாப்பிள்ளையின் யோசனைக்கு வருகிறேன். கெட்டில் வகை நல்ல அடுப்புதான். 1952இல் சிகாகோ பகுதியில் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீஃபன், அங்கே செய்யப்பட்ட கடல் மிதவையின் இரண்டு பாதிகளையே அடியாகவும் மூடியாகவும் வைத்து அதை உருவாக்கினார். 57 சென்டிமீட்டர் அளவுள்ள கெட்டிலில், கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தை வெறுமையாக விடலாம். பக்குவமானதை அந்தப் பக்கம் தள்ளிவைக்கலாம். உங்கள் குறுகலான பீங்கான் குழியில் இது எளிதில் நடக்காது. வீட்டில் அடுப்பே இல்லாத ஒருவர் கேட்டிருந்தால், தயங்காமல் கெட்டிலை வாங்குங்கள் என்றே எழுதியிருப்பேன். ஆனால் மூடியிட்டுச் சமைக்கும் வேலையை உங்களிடம் இருக்கும் அடுப்பு அதைவிடச் சிறப்பாகச் செய்கிறது. ஆகவே கெட்டிலின் விலையில் பாதியை, ஏற்கெனவே உங்களிடம் உள்ள ஒன்றுக்காகவே கொடுப்பீர்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மலிவாகக் கிடைத்தது என்று மெல்லிய தகட்டில் செய்த ஒரு கெட்டிலை வாங்கி, அடையாற்றில் கடற்காற்று வீசும் மாடியில் வைத்திருந்தேன். எனாமல் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தது. இரண்டு வடகிழக்குப் பருவமழைகளுக்குள் சாம்பல் தங்கும் அடிப்பாகம் அப்பளம்போல் நொறுங்கிவிட்டது. ஈரச் சாம்பலும் உப்புக் காற்றும் சேர்ந்தால் இரும்புக்கு ஆயுள் இல்லை. கெட்டில்தான் வேண்டும் என்றால் கனமான எனாமல் பூச்சுள்ளதைத் தேர்ந்தெடுத்து, சமைத்த மறுநாளே சாம்பலை அகற்றிவிடுங்கள்.

ஜப்பானின் ஷிச்சிரின் என்னும் சிறிய அடுப்பையும் சிலர் பரிந்துரைப்பார்கள். நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான டயட்டம் மண்ணைக் கொண்டு செய்யப்படும் அது இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து சுட்டுச் சாப்பிட மிகவும் ஏற்றது. பன்னிரண்டு பேருக்கு ஆகாது. நம் குமுட்டி அடுப்பும் ஏறக்குறைய அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பரணில் ஒன்று கிடந்தால் இறக்கித் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் சுடுவதற்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

என் பரிந்துரை, மூடியே இல்லாத, நீண்ட இரும்புத் தொட்டி அடுப்பு. கபாப் கடைகளில் வாசலிலேயே வைத்திருப்பார்களே, அந்த வகை. இதைக் கடையில் வாங்குவதைவிடச் செய்துகொள்வது நல்லது. அம்பத்தூர் அல்லது கிண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஏதேனும் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவைக் கொடுத்தால் செய்துதருவார்கள். நீளம் 75 சென்டிமீட்டர், அகலம் 30, ஆழம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுவதற்கு ஏறத்தாழ 2,250 சதுர சென்டிமீட்டர் இடம் கிடைக்கும். உங்கள் 18 அங்குல வட்டத்தில் இருப்பது சுமார் 1,650 மட்டுமே. வட்டத்தைவிட நீள்சதுரத்தில் மீன்களை வரிசையாக அடுக்குவதும் எளிது. தகடு 3 மில்லிமீட்டர் கனத்தில் சாதாரண இரும்பாக இருக்கட்டும். தொட்டி மட்டும் 13 கிலோ அளவில் நிற்கும், இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். அடித்தகட்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் கரி தங்க ஒரு கம்பித் தட்டும், அதற்குக் கீழே நீளவாட்டில் காற்றுத் துளைகளும், துளைகளை மூடித் திறக்க ஒரு நகரும் பட்டையும் வையுங்கள். மேல் வலைக்கு 304 தர எஸ்.எஸ். கம்பி போதும். வலையை மாட்டும் கொக்கிகளை மட்டும் மூன்று உயரங்களில் கேளுங்கள். கலிஃபோர்னியாவின் சான்டா மரியா என்னும் ஊரில், சக்கரத்தைச் சுற்றி வலையை ஏற்றி இறக்குகிற திறந்த அடுப்பு வழக்கத்தில் இருக்கிறது. அந்தச் சக்கரம் நமக்குத் தேவையில்லை. அதன் பலனை மூன்று கொக்கிகளே தந்துவிடும். இறாலுக்குக் கீழ்க் கொக்கி, எலும்போடு கூடிய கோழிக் காலுக்கு மேல் கொக்கி.

பட்டறைக்காரர், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஜி.ஐ. தகட்டைப் போட முன்வரக்கூடும். அதற்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 419 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கங்கு படும் இடம் அதைவிட எவ்வளவோ சூடானது. அந்தப் புகை உடம்புக்குத் தீங்கானது. உட்புறத்தில் பெயின்டும் வேண்டாம். முதல் நாள் வெறுமனே ஒருமுறை கரி போட்டு எரித்து, ஆறிய பின் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மெல்லத் தடவி மறுபடி சூடாக்கினால் போதும், தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான்.

இரண்டும் வந்த பிறகு ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் உபயோகிக்காதீர்கள். காலையிலேயே ஆட்டுத் தொடையைப் பீங்கான் அடுப்பில், தீக்கு மேலே தடுப்புக் கல்லை வைத்து 120 டிகிரியில் ஏற்றிவிடுங்கள். உள்வெப்பம் 85 முதல் 90 டிகிரியைத் தொடும்போது கறி எலும்பை விட்டு விலகத் தொடங்கும். தொடையின் எடையைப் பொறுத்து நான்கு மணி நேரம்கூட ஆகலாம். விருந்தினர் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகத் தொட்டி அடுப்பில் சுமார் இரண்டு கிலோ கரியை மூட்டி, ஒரு முனையில் ஆழமாகவும் நடுவில் ஒற்றை அடுக்காகவும் பரப்பி, மறுமுனையைக் காலியாக விடுங்கள். தொடைமேல் மிளகு மசாலாவைத் தடவி ஆழக் கங்கின்மேல் மூன்று நான்கு நிமிடம் புரட்டினால், பீங்கான் அடுப்பு தராத அந்தக் கருகல் விளிம்பு கிடைத்துவிடும். அதை இறக்கிச் சற்று ஆற வைத்துவிட்டு, அதே கங்கில் வஞ்சிரத்தையும் சங்கராவையும் தொடங்கலாம். சூட்டை அறியக் கருவி வேண்டாம். வலைக்கு மேல் ஒரு சாண் குறைய உள்ளங்கையைப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் மீனுக்கும் இறாலுக்கும் பதம். ஐந்தாறு நொடி தாங்கினால் கோழிக்குப் பதம். கோழி மட்டும் எலும்பருகே 74 டிகிரியைத் தொட்டதா என்று ஊசி வெப்பமானியால் பார்த்துவிடுங்கள்; வெளியே கருகி உள்ளே வேகாமல் போவது திறந்த அடுப்பில்தான் அதிகம் நடக்கும்.

கேள்வி: கொட்டாங்குச்சிக் கரியா, விறகுக் கரியா, எந்த அடுப்புக்கு எது பொருத்தம்? மண்ணெண்ணெய் ஊற்றாமல் எப்படிப் பற்றவைப்பது?
— வாசகி, பெரம்பூர்

பதில்: ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கப்படும் சீமைக்கருவேலக் கரி அடர்த்தியானது, நின்று எரியும். அதில் கைப்பிடி அளவுள்ள பெரிய துண்டுகளைப் பீங்கான் அடுப்புக்கு ஒதுக்குங்கள். சாக்கின் அடியில் தங்கும் பொடி, கீழிருந்து வரும் காற்றை அடைத்துவிடும் என்பதால் அதைச் சலித்து நீக்கிவிட வேண்டும். கோழிமுட்டை அளவுள்ள துண்டுகள் தொட்டி அடுப்புக்குப் போதும். கொட்டாங்குச்சிக் கரி சீக்கிரம் பிடித்துச் சுள்ளென்று எரிந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். பத்து நிமிடத்தில் முடிகிற இறாலுக்கும் அப்பளத்துக்கும் அது தோது. அதையே அரைத்து அச்சில் இறுக்கிய கட்டிகள் வேறு, அவை நெடுநேரம் நிற்கும். மண்ணெண்ணெயைத் தொடவே வேண்டாம். பீங்கான் சுவர் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டால் பல சமையல்களுக்கு அது கூடவே வரும். காய்ந்த தென்னம்பாளை, தேங்காய் நார் இரண்டில் எது கிடைத்தாலும் அடியில் வைத்து, அதன்மேல் கரியைக் கோபுரமாகக் குவித்துப் பற்றவையுங்கள். மேலுள்ள துண்டுகளின் ஓரத்தில் வெண்சாம்பல் படிந்த பிறகுதான் பரப்ப வேண்டும்.

கேள்வி: வேளச்சேரியில் நான்காவது மாடிக் குடியிருப்பு. பால்கனியில் சிறிய கரி அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: கூடாது. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிக் கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்தாலே அது வீட்டுக்குள் வந்துவிடும். மேல் வீட்டுத் துணிகளுக்குப் புகை போவதையும் தீப்பொறி பறப்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கத்திடம் கேட்டு மொட்டை மாடியில் ஓர் ஓரத்தைப் பெற முடிந்தால், தட்டோடு சூட்டில் விரிசல் விடாமலிருக்க இரண்டு வரிசைச் செங்கல்லைப் பரப்பி, அதன்மேல் அடுப்பை வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எரிந்து முடிந்த கரியை மூடியுள்ள தகர டின்னில் போட்டு, மறுநாள் வரை அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல் வைத்திருங்கள்.