குட்டித் தூண்டில்காரர்

கேள்வி: 5 வயது மகனை உப்பனாற்றில் படகில் தூண்டில் போட அழைத்துப் போகலாமா? – வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போகலாம், ஒரு மணி நேரம் போதும், அதற்குமேல் சிணுங்குவான். பெரியவர்களின் லைஃப் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் அது மேலேறித் தலைவழியே கழன்றுவிடும். அவன் எடைக்கேற்றதாக, கவட்டுப் பட்டையுடன் (கால்களுக்கு இடையே மாட்டுவது) வாங்குங்கள். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் தளர்வு.

கடல் ஓதத்தில் ஆற்றுநீர் ஏறும்போது கிளம்புங்கள். வற்றும்போது போனால் படகு சேற்றில் தட்டும்.

ஐந்தடி மூங்கில் குச்சி, அதே நீள நரம்பு (தூண்டில் நூல்), சின்னத் தூண்டில் முள், இறால் துண்டு போதும். முள்ளில் பின்னோக்கி நிற்கும் முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள்; விரலில் ஏறினாலும் எளிதில் வரும்.

கெளுத்தி மாட்டினால் நீங்களே கழற்றுங்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கொன்று என மூன்று முட்கள், குத்தினால் கடுக்கும். பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்தால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.