ஈரச் சேலையின் கனம்

அன்புள்ள அக்கா,

காலைப் பயிற்சி பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் பாகுவா சாங் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்கப் போனேன். எனக்கு 31 வயது, கப்பல் பட்டறையில் வேலை. ஊரில் 6 வருடம் சிலம்பம் கற்றவன். இங்கே ஒரு சீனப் பெரியவரிடம் 7 மாதமாகப் போகிறேன். இத்தனை நாளும் வட்டமாக நடப்பது மட்டும்தான் பாடம். கையை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு நடை, நடை என்கிறார். உள்ளங்கையை இறுக்காதே, தளர்த்து என்பார். தளர்த்தினால் "இது செத்த கை" என்பார். வேறோர் இடத்தில் 3 மாதத்தில் எல்லாக் கைமுறைகளையும் சொல்லித் தருகிறார்களாம். மாறிவிடலாமா? மென்மையான கையால் ஒருவரை நிஜமாகவே வீழ்த்த முடியுமா, இல்லை இது வயதானவர்களுக்கான உடற்பயிற்சிதானா?

எஸ்., சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

மாறாதீர்கள்.

பாடம் இன்னும் தொடங்கவில்லை என்று நினைக்கிறீர்கள். பாகுவாவில் வட்ட நடைதான் பாடம். 'சாங்' என்றால் உள்ளங்கை. பெயரிலேயே உள்ளங்கை இருப்பதால் எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டே கற்க வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன்.

இந்தக் கலையை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் தோங் ஹாய்சுவான். ஹெபெய் மாகாணத்து வென்ஆன் பகுதிக்காரர். பெய்ஜிங்கில் சு இளவரசரின் மாளிகையில் வேலை பார்த்தார். 1882-இல் இறந்தார். அவரிடம் வந்த முக்கியமான மாணவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை, உங்களைப் போலவே ஏற்கெனவே ஒரு கலையில் தேர்ந்துவிட்டு வந்தவர்கள். யின் ஃபூ, லோஹான் என்ற சண்டை முறையைக் கற்றவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த செங் திங்குவா மல்யுத்தக்காரர். இருவருக்கும் ஆசான் கொடுத்தது வட்ட நடை. ஆனால் அவர்களிடமிருந்து கிளைத்த மரபுகளில் கையின் வடிவம் வேறு வேறு. யின் ஃபூ வழியில் விரல்கள் ஒட்டி நீண்டிருக்கும், எருதின் நாக்கு என்று பெயர். செங் வழியில் விரல்கள் விரிந்து, உள்ளங்கை சற்றுக் குழிந்திருக்கும், அது டிராகன் நகம். நடை ஒன்று, கை இரண்டு. உங்கள் கை எப்படி அமைய வேண்டும் என்பதை உங்கள் உடம்புதான் நடந்து நடந்து கண்டுபிடிக்கும். அதை 3 மாதத்தில் யாரும் எடுத்துத் தர முடியாது.

சரி, தளர்த்தச் சொல்கிறார், தளர்த்தினால் செத்த கை என்கிறாரே, அது என்ன? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏழாவது மாதத்தில் இந்தக் கேள்வி வந்தது நல்ல அறிகுறி.

சீனத்தில் 'சுங்' என்கிறார்கள். பழைய எழுத்துமுறையில் அந்தச் சொல்லின் மேற்பாதி கூந்தலைக் குறிக்கும் குறி. கொண்டையை அவிழ்த்துவிட்டால் முடி எப்படி இருக்கும்? விறைப்பு போய்விடும், ஆனால் துவண்டு உதிர்ந்துவிடாது. வேரிலிருந்து நுனிவரை தன் எடையில் தொங்கும். அதுதான் அவர் கேட்பது. செத்த கை என்பது தோளிலிருந்து அறுந்து கிடப்பது. உடம்பு திரும்பினாலும் அதற்குச் சேதி போகாது.

நான் சேர்ந்த புதிதில் என் லாவ்ஷி, அதாவது ஆசான், தன் முன்கையை நீட்டி, தூக்கிப் பார் என்றார். ஒல்லியான மனிதர், அப்போதே 70-ஐத் தாண்டியவர். தொட்டால் மெத்தென்று இருந்தது. தூக்கினால் ஈரச் சேலையைத் தூக்குவது போலக் கனத்தது. ஈரத்துணியில் எந்த இடத்திலும் இறுக்கம் கிடையாது, ஆனால் முழு எடையும் நம் கையில் வந்து விழும். என் கையை அவர் தூக்கியபோது குச்சியை எடுப்பது போலச் சுலபமாக எடுத்து ஓரமாக வைத்தார். அன்றைக்குத்தான் என் கை எவ்வளவு விறைப்பு என்று எனக்கே தெரிந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகினால் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுவது மாதிரி. தோள் இறுகியிருந்தால் காலும் இடுப்பும் கொடுக்கும் விசை தோளோடு நின்றுவிடும், உள்ளங்கைக்கு வந்து சேராது. இன்னொன்று, இறுகிய கையை எதிராளி தொட்டதும் அதன் வழியாக உங்கள் முழு உடம்பையும் அசைக்கலாம். தளர்ந்த கையில் அவருக்குப் பிடிமானம் கிடைக்காது, அவர் எந்தப் பக்கம் அழுத்துகிறார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் சிலம்பக்காரர், இது உங்களுக்கு எளிதில் விளங்கும். கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சுற்ற முடியுமா? பிடி இறுகினால் வீச்சு செத்துவிடும், பிடியே இல்லாவிட்டால் கம்பு பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடியை உங்கள் விரல்கள் என்றோ கண்டுகொண்டன. அதே பிடியை இப்போது கம்பு இல்லாமல், முழங்கையிலும் தோளிலும் இடுப்பிலும் தேடச் சொல்கிறார் அந்தப் பெரியவர். உங்கள் வாத்தியாரும் முதலில் காலடிதானே பழக்கியிருப்பார்?

நடக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். சேற்றில் நடப்பது போன்ற அடி என்று அதைச் சொல்வார்கள். குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதும் தட்டையாகத் தரையை ஒட்டிச் சறுக்கிப் போகும். கால்கள் வட்டத்தின் மேல், இடுப்பு வட்டத்தின் நடுவை நோக்கி, உள்ளங்கையும் பார்வையும் அந்த நடுப்புள்ளியில். இந்த முறுக்கில்தான் கை உயிர் பெறுகிறது. கையைத் தனியாகத் தளர்த்தப் பார்த்தால் செத்துப் போகும். இடுப்பு திரும்பி, அதனால் கை அங்கே போய் நின்றால் தளர்ந்தும் இருக்கும், உயிரோடும் இருக்கும். அடுத்து அவர் திசை மாற்றச் சொல்லித் தருவார். பாதத்தை உள்பக்கம் கொக்கி போலத் திருப்பி ஓர் அடி, வெளிப்பக்கம் விரித்து ஓர் அடி, அதோடு கை மாறும். ஒற்றைக் கைமாற்றம் என்று பெயர். மற்ற மாற்றங்களுக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

முழங்கால் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாதம் திரும்பும் திசையில்தான் முழங்காலும் திரும்ப வேண்டும். முதல் வருடம் ஆர்வக்கோளாறில் மிகவும் தாழ்ந்து நடந்து, 4 மாதம் படியேற முடியாமல் கிடந்தேன். பட்டறையில் நாள் முழுக்க நிற்கிறவர் நீங்கள். உயரமாகவே நடங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி. வீழ்த்த முடியும், ஆனால் நடந்தால் மட்டும் முடியாது. 2017 ஏப்ரலில் செங்து நகரில் சூ சியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை வீரர் தாய்ச்சி என்ற இன்னொரு மென்மையான சீனக் கலையின் ஆசான் ஒருவரைச் சில நொடிகளில் தரையில் சாய்த்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் அதில் தெரிந்த உண்மையை மறுக்க மாட்டேன். எதிர்க்கிற ஆளின் மேல் கை வைத்துப் பழகாதவருக்கு, எத்தனை வருடப் பயிற்சி இருந்தாலும் முதல் அடியில் உடம்பு பழைய விறைப்புக்கே ஓடிவிடும். செங் திங்குவாவின் பெயர் நின்றதற்கு ஒரு காரணம், அவர் மல்யுத்தத்தில் மனிதர்களைப் பிடித்துத் தள்ளிப் பழகியவர். அவரும் 1900-இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தபோது துப்பாக்கிக் குண்டுக்குத்தான் பலியானார். தொடாமலே ஆளைச் சாய்க்கும் கை என்று யாராவது விற்க வந்தால் இந்த இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால், பெரியவரிடம் பொறுமையில்லாதவர் போல் தோன்றாமல் ஒன்று கேளுங்கள்: இருவர் கையோடு கை ஒட்டிப் பழகும் பயிற்சியை எப்போது தொடங்கலாம்? நல்ல ஆசான் என்றால் தன் கையைத் தொட்டுப் பார்க்க விடுவார், தள்ளிப் பார்க்கவும் விடுவார். அது நடக்கவே நடக்காது என்றால் அப்போது யோசிப்போம். அந்த 3 மாத வகுப்புக்கும் இதே கேள்விதான். அங்கே போய் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள், மாணவர்கள் ஒருவரையொருவர் தொடுகிறார்களா, இல்லை கண்ணாடி முன் வரிசையாக நின்று கைவீசுகிறார்களா என்று.

அப்புறம், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் முன்கையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் கையை அவர் தூக்கட்டும். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா