சாய்ந்த சக்கரம்

கேள்வி: பொழுதுபோக்காகப் படம் எடுப்பவரின் ஒரு படம் மற்றப் புகைப்படக்காரர்களின் நினைவில் நிற்கக் காரணம் என்ன?

பதில்: கூர்மையும் வெளிச்சமும் மட்டுமே காரணமல்ல என்பதற்கு, 1894-இல் பிறந்த பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்றி லார்திக் இளமையில் எடுத்த கார்ப் பந்தயப் படமே சான்று. ஓடும் காரைத் தொடர்ந்து அவர் கேமராவைத் திருப்பியபோது, ஒளியை உள்ளே விடும் திரையான ஷட்டரின் ஒடுங்கிய பிளவு நகர்ந்தபடி படத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அடுத்தடுத்த கணங்களில் ஒளியை விட்டதால், சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய, பின்னால் நின்ற பார்வையாளர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து பதிந்தனர். காரின் முன்பகுதியோ படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. விதிப்படி இது பிழைதான். ஆனால் கேமராவை அறிந்தவர்களுக்கு அந்தச் சாய்வில் எடுத்தவரின் கை அசைந்த விதமே தெரிகிறது. வேகத்தை இவ்வளவு உண்மையாகக் காட்டிய படத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகே அவர் பரவலாக அறியப்பட்டார். கெட்டுப்போனவை என்று நீங்கள் ஒதுக்கிய படங்களை, அழிக்கும் முன் இன்னொரு முறை பாருங்கள்.