மேபலுக்கு என்ன நோய்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜான் கசாவெட்டிஸின் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) பார்த்தேன். மேபல் ஏன் அப்படி ஆனாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. சிறுவயதில் என்ன நடந்தது, என்ன நோய், எதுவும் தெரியவில்லை. காரணமே காட்டாத படத்தை உளவியல் யதார்த்தம் உள்ள படம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காரணம் தெரிந்தால் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது, அவ்வளவுதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் (1960) கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து கொலைகாரன் நார்மனைப் பற்றி எல்லாவற்றையும் விளக்குகிறார். அந்தப் படத்தில் எனக்குப் பலவீனமாகப் படும் இடம் அதுதான். அம்மாவை எங்கேயாவது சேர்த்துவிடலாமே என்று அவனுடைய விடுதியில் தங்க வந்த மேரியன் பரிவோடு சொல்லும்போது, அதுவரை கூச்சத்தோடு பேசிக்கொண்டிருந்தவனின் முகம் இறுகுமே, அவன் மனம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

நோயின் பெயரைச் சொல்லிவிட்டாலும் துல்லியம் வந்துவிடாது. 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) கணித மேதை ஜான் நாஷின் கண்முன் இல்லாத மனிதர்களை நடமாட விடுகிறது. நிஜத்தில் அவர் கேட்டது குரல்களை.

சரி, மேபலுக்கு வருகிறேன். இரவெல்லாம் வேலை பார்த்த ஆட்களை அவள் கணவன் நிக் காலையில் வீட்டுக்குக் கூட்டிவருகிறான். அவள் எல்லாருக்கும் ஸ்பகெட்டி செய்து போடுகிறாள். அப்புறம் ஒருவரை ஆடக் கூப்பிடுகிறாள், விடாமல் கூப்பிடுகிறாள். நிக் கத்த, மேசையே அடங்கிப்போகிறது. இதில் பைத்தியக்காரத்தனம் என்று எதைச் சொல்வீர்கள்? உபசரிப்பு கொஞ்சம் கூடிப்போனது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அங்கிருந்த மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. அது தனக்குத் தெரியவில்லை என்பதும் அவளுக்கு உறைக்கிறது. எப்படி இருக்கச் சொல்கிறாயோ அப்படியே இருக்கிறேன் என்று நிக்கிடம் அவள் கேட்பது அதனால்தான். சரியாக இருந்துவிட வேண்டும் என்று அவள் படும் பாட்டைத்தான் ஜீனா ரோலண்ட்ஸ் நடித்திருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது மலைப்பாகவே இருக்கிறது.

எனக்கு நெருங்கிய ஒருவர் நீண்ட நாள் மனச்சோர்வில் இருந்தார். போன் அடித்தால் எடுக்குமுன் 'நல்லா இருக்கேன்' என்று இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். ஏன் இப்படி ஆனது என்று நாங்கள் வருடக்கணக்கில் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

நிக்கையும் கவனியுங்கள். மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது மேபல். குழந்தைகளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டுபோய், திரும்பும் வழியில் அவர்களுக்கு பீர் கொடுப்பது நிக். அவனை யாரும் எங்கும் அனுப்பவில்லை. ஆறு மாதம் கழித்து அவள் திரும்பும் நாளில் வீடு நிறைய ஆட்களைக் கூட்டிவைப்பதும் அவன்தான், அதுவும் அன்பினால். நோய் ஒருவரின் தலைக்குள் மட்டும் நடப்பதாக நினைக்கும் படங்களில் இப்படியொரு நிக் இருக்கவே மாட்டான்.

முடிவை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். அத்தனை ரகளைக்குப் பிறகு இருவரும் மேசையை ஒழித்துவிட்டுப் படுக்கையை விரிக்கிறார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.