மலையில் பூட்டிய வீடு, வெளிநாட்டில் பிள்ளைகள்: நகை திருட்டும் இன்சூரன்ஸும் – கேள்வி பதில்

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது என்ற குடும்பங்கள் நிறைய. நகை திருட்டு பற்றி அவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பாலிசி வாசகம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உங்கள் பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

குன்னூர், இப்போது துபாய்: ஐயா, பின்கதவை உடைத்து பீரோவில் இருந்த நகையை எடுத்துப் போய்விட்டார்கள். அம்மா அன்றைக்கு ஊட்டியில் அக்கா வீட்டில் இருந்தார். எனக்கு லீவு கிடைக்க இரண்டு வாரம் ஆகும். வந்து புகார் கொடுத்தால் போதுமா?

போதாது தம்பி, இன்றைக்கே கொடுக்க வேண்டும். நகைக்குச் சொந்தக்காரர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. விஷயம் தெரிந்த யாரும் கொடுக்கலாம், எனவே அம்மாவோ அக்காவோ ஸ்டேஷனுக்குப் போகட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் மின்னஞ்சலில் புகார் அனுப்ப வழி உண்டு. ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். துபாயிலிருந்து அது ஆகிற காரியமில்லை.

புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்பதற்கான ஒப்புகைச் சீட்டு, மட்டும் தந்து அனுப்பினால் அதோடு திரும்பி வந்துவிட வேண்டாம். இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்ய மறுத்தால் புகாரைத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பலாம். கைரேகை எடுத்து முடிக்கும்வரை பீரோவையோ கதவையோ யாரும் தொட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அங்கிருந்தே இன்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பாலிசி எண், தேதி, என்ன நடந்தது, அவ்வளவு எழுதினால் போதும்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். க்ளெய்ம் பெரும்பாலும் கெட்டுப்போவது முதல் புகாரில் எழுதும் பட்டியலில்தான். பதறிப்போன அம்மா ஸ்டேஷனில் "இருபது பவுன் இருக்கும்" என்பார். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் அத்தை போட்ட வளையல், பேத்தியின் கொலுசு என்று முப்பது பவுனுக்கு வரும். இன்சூரன்ஸ் படிவத்தில் முப்பது என்று எழுதினால் சர்வேயர் (நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள்) கேட்கும் முதல் கேள்வி, எஃப்.ஐ.ஆரில் ஏன் இருபது என்பதுதான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் பொய் போலத் தெரியும். அதனால் புகாரில் "இப்போது தெரிந்தவரை இவை, முழுப் பட்டியலைச் சரிபார்த்துத் தருகிறோம்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நிதானமாகப் பட்டியல் போட்டு, விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டு, அதே பட்டியலை க்ளெய்மிலும் வையுங்கள். "எப்படியும் குறைப்பார்கள், இரண்டு பவுன் கூட்டிப் போடு" என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். கேட்காதீர்கள். ஒரு நகை பொய் என்று தெரிந்தாலே மொத்த க்ளெய்மையும் மறுக்கப் பாலிசியில் இடமிருக்கிறது.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்), இப்போது அமெரிக்கா: ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வந்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். நாலு மாதம் கழித்து ஜன்னலை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லை என்று கம்பெனி க்ளெய்மை மறுக்கிறது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறோமே அண்ணா?

பிரீமியம் கட்டியது சரிதான். ஆனால் பல வீட்டுப் பாலிசிகளில், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வீட்டில் ஆள் குடியில்லை என்றால் திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுபோகும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. சிலவற்றில் நாள் கணக்கு வேறு. கிளம்பும் முன் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்டு பாலிசியில் சேர்த்திருந்தால் மட்டும் அது தொடரும். நம் மலைக் குடும்பங்களை இந்த ஒரு நிபந்தனை தாக்குகிற அளவுக்கு வேறெதுவும் தாக்குவதில்லை. வருஷத்தில் பத்து மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு, ஆள் இருக்கும் வீட்டுக்கான பாலிசியை விற்றுவிட்டுப் போகிறார்கள். வாங்குகிறவருக்கு இது சொல்லப்படுவதே இல்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

உங்கள் விஷயத்தில் ஒன்று பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் போனால் அது குடியிருப்பாகக் கணக்கில் வராது. ஆனால் சித்தப்பாவோ காவலுக்கு ஒருவரோ ராத்திரி அங்கே படுத்திருந்தால் கதை வேறு. அந்த மாதங்களின் கரண்ட் பில் ரீடிங், கேஸ் சிலிண்டர் பதிவு, பக்கத்து வீட்டாரின் எழுத்து வாக்குமூலம் எல்லாவற்றையும் திரட்டி மறுபரிசீலனை கேளுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால், நிபந்தனையை விற்கும்போதே சொன்னார்களா, முழுப் பாலிசி வாசகத்தை உங்களுக்குக் கொடுத்தார்களா என்பதுதான் வாதம்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் தகராறுகளைத் தீர்க்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறை அங்கே எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆன்லைனில் மனு போடலாம், வீடியோவில் விசாரணைக்கு வரலாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கொடைக்கானல், நாயுடுபுரம், மகள் கனடாவில்: பூட்டு உடையவில்லை, ஜன்னலும் உடையவில்லை. நகையை மட்டும் காணோம். சாவி தோட்டக்காரரிடம்தான் இருந்தது. அவர் பெயரைப் போட்டுப் புகார் கொடுத்தால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். செய்யலாமா சார்?

அம்மா, செய்யாதீர்கள். முதலில் பாலிசியைப் பாருங்கள். "பலவந்தமாக உள்ளே நுழைந்தோ வெளியேறியோ" நடந்த களவுக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று எழுதியிருந்தால், உடைத்த தடயம் இல்லாத திருட்டுக்குப் பணம் வராது. 2004-ல் ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படித்தான் தீர்ப்பு சொன்னது. சாதாரணத் திருட்டும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால் வரும். இன்னொன்று, வீட்டில் வேலை செய்பவர் எடுத்தால் பாதுகாப்பு இல்லை என்று பல பாலிசிகளில் தனியாகவே விலக்கு இருக்கிறது. அப்படியிருக்க அவர் பெயரைப் போட்டால் உங்கள் க்ளெய்மை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

பணத்தை விடுங்கள். உங்கள் வீட்டுக்காக மழையிலும் குளிரிலும் நின்ற ஒரு மனுஷன் அவர். பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டால், பிறகு நிரபராதி என்று ஆனாலும் அந்த ஊரில் யாரும் அவரிடம் சாவி கொடுக்க மாட்டார்கள். புகாரில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: சாவி எத்தனை, யார் யாரிடம் இருந்தது, நகையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள். பெயிண்ட் அடிக்க வந்தவர், வீட்டில் தங்கிய விருந்தினர், சாவியை நகலெடுத்த கடை எல்லாம் அதில் வரட்டும். சந்தேகப்படுவது போலீஸ் வேலை.

ஊட்டி, இப்போது லண்டன்: இங்கே வீட்டில் புகுந்து என் கல்யாண நகையைத் திருடிவிட்டார்கள் அண்ணா. நகை எல்லாம் ஊரில் வாங்கியது. பில் ஒன்றுகூட இல்லை. இங்குள்ள இன்சூரன்ஸில் எப்படி நிரூபிப்பது?

தங்கச்சி, முதலில் போலீஸ் கொடுத்த கிரைம் ரெஃபரன்ஸ் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாக் கடிதத்திலும் அது வேண்டும்.

பில் இல்லை என்றால் ஆதாரமே இல்லை என்று அர்த்தமில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒவ்வொரு நகையும் தெளிவாகத் தெரியும் படங்களைப் பிரித்தெடுங்கள். கடையில் பழைய பில் புத்தகமோ கம்ப்யூட்டர் பதிவோ இருக்கும், அப்பாவை நேரில் போய் நகல் கேட்கச் சொல்லுங்கள். அதையெல்லாம்விட வலுவானது ஒன்று உண்டு, அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்த நகையை எப்போதாவது பேங்கிலோ கூட்டுறவு சங்கத்திலோ அடகு வைத்திருக்கிறீர்களா? நகைக்கடன் கொடுக்கும்போது மதிப்பீட்டாளர் ஒவ்வொரு உருப்படியாக எடை போட்டு, மொத்த எடை, கல் அழுக்கு கழித்த நிகர எடை, தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், திருட்டுக்கு முன்பே எழுதிய பதிவு அது. வெளிநாட்டுக் கம்பெனியும் அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. தேயிலை விலை விழுந்த வருஷங்களில் நம் பக்கம் அடகுக்குப் போகாத நகை குறைவு. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. புது நகை என்றால் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவும் நல்ல ஆதாரம்.

ஒரு எச்சரிக்கை. அங்குள்ள வீட்டுப் பாலிசிகளில் ஒரு தனி நகைக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு இருக்கும். 1,500 பவுண்டு என்பது சாதாரணமாகப் பார்க்கும் தொகை. அதற்கு மேற்பட்ட ஆரத்தையோ ஒட்டியாணத்தையோ முன்கூட்டிப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை என்றால் வரம்போடு நிறுத்திவிடுவார்கள். கம்பெனியிடமே புகார் கொடுத்தும் எட்டு வாரத்தில் அது முடிவு சொல்லவில்லை என்றால் அங்குள்ள ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். முடிவு சொல்லியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் அவகாசம்.

அருவங்காடு, இப்போது நியூ ஜெர்சி: எங்கள் வீட்டு இன்சூரன்ஸில் பொருள்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை என்று இருக்கிறது. நகையும் அதில் அடங்கும்தானே?

அடங்கும், ஆனால் திருட்டு போனால் எல்லா நகைக்கும் சேர்த்து 1,500 டாலர் என்பதுதான் அங்கே வழக்கமான வரம்பு. மதிப்பீடு செய்து, நகை வாரியாகத் தனியே சேர்த்துவிடுங்கள். கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும்.

கேத்தி, இப்போது சிங்கப்பூர்: ஹெச்.டி.பி. (அரசு வீட்டு வசதி வாரிய) வீட்டுக்கு ஃபயர் இன்சூரன்ஸ் இருக்கிறதே, நகைக்கு அது போதாதா?

அது கட்டடத்துக்கு. உள்ளே இருக்கும் பொருளுக்கும் நகைக்கும் வேறு பாலிசி எடுக்க வேண்டும்.

கூடலூர், இப்போது கத்தார்: செக்-இன் பெட்டியில் வைத்த நகை காணோம்.

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரும் முன் ஏர்லைன்ஸ் கவுன்டரில் எழுதிக் கொடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி தம்பி. சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டிக்கான பொறுப்புக்கு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு) உச்ச வரம்பு. நகையைச் செக்-இன்னில் போடாதே என்று டிக்கெட் நிபந்தனையிலேயே இருப்பதால் அதையும் தர மறுப்பார்கள். பயண இன்சூரன்ஸும் நகை விஷயத்தில் கை கொடுப்பது அபூர்வம். நகை எப்போதும் கையோடு வர வேண்டும். இங்கிருந்து நிறைய நகை போட்டுக்கொண்டு கிளம்பும்போது கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது தொல்லை இல்லை.

பெருமாள்மலை, மகன் ஜெர்மனியில்: இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டோம். இனிப் பயமில்லையே?

வீட்டைவிட லாக்கர் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, கொள்ளை, தீ, ஊழியர் மோசடி என்று எது நடந்தாலும் பேங்கின் பொறுப்பு வருஷ வாடகையைப் போல நூறு மடங்குதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 2 லட்சம். இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பே இல்லை. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்த நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாக்கரில் என்ன இருக்கிறது என்று பேங்குக்குத் தெரியாது, அதை இன்சூர் செய்து தரவும் கூடாது. நீங்களே தனியாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று: வாடகை ஒழுங்காகக் கட்டினாலும், ஏழு வருஷம் திறக்காமல் கிடந்து உங்களையும் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் பேங்க் அதைத் திறக்கலாம். மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை திறந்து மூடிவிட்டு வரச் சொல்லுங்கள். பேங்கில் உங்கள் மின்னஞ்சலும் போன் நம்பரும் சரியாக இருக்கட்டும். லாக்கர் திறந்தால் அன்றே தகவல் வர வேண்டும்.

கோத்தகிரி: புதிதாக எடுப்பதென்றால் எந்தப் பாலிசி?

கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் நிலச்சரிவுக்குப் பாதுகாப்பு உண்டு, மலைக்கு அது அவசியம். ஆனால் அதில் திருட்டு என்றால், தீயோ நிலச்சரிவோ நடந்து அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான். பூட்டை உடைத்து வருகிற களவுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். நகைக்கும் அப்படியே, கேட்டு வாங்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், ஒரு உருப்படி 1 லட்சத்துக்குள் என்றால் மதிப்பீட்டுச் சான்று கேட்க மாட்டார்கள். இன்றைய தங்க விலையில் பெரும்பாலான வீடுகளுக்குச் சான்று தேவைப்படும்.

குன்னூர், இப்போது ஆஸ்திரேலியா: ஆளைப் பிடித்துவிட்டார்கள். பாதி நகை கிடைத்தது, மீதி உருக்கிய கட்டியாக இருக்கிறதாம். எல்லாம் கோர்ட்டில் இருக்கிறது. வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், நகையைப் படம் எடுத்து, பட்டியல் போட்டு, உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்பு சொன்ன புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டும். நீங்கள் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அண்ணனுக்கு அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். கட்டிக்கு உரிமை கோரும்போது எடைக் கணக்கு முக்கியம். அதே ஆள் வேறு வீட்டிலும் கைவைத்திருந்தால் எல்லோருடைய தங்கமும் ஒரே கட்டியில் கலந்திருக்கும். உங்கள் பட்டியலில் எடை தெளிவாக இருந்தால் உங்கள் பங்கைக் கேட்க முடியும்.

இன்சூரன்ஸ் பணம் ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா என்பதை மனுவுக்கு முன்பே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். வாங்கும்போது உரிமை மாற்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அப்படியானால் பணம் கொடுத்த நகைகள் மீது கம்பெனிக்கு உரிமை உண்டு. கொடுத்த தொகையைத் திருப்பிக் கட்டி நகையைப் பெற்றுக்கொள்ளலாமா என்று கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். பாட்டி போட்ட அட்டிகை என்றால் கட்டாயம் கேளுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், கிடைத்த நகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மீதிக்கு மட்டும் க்ளெய்மைத் திருத்தி அனுப்புங்கள்.