கேள்வி - பதில்: நம் போனும் அமெரிக்கக் கண்களும்

‘702-வது பிரிவு’ என்று அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். இங்கே உட்கார்ந்து ஜிமெயில் பார்க்கும் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், திருச்சி

சட்டம் எழுதப்பட்டதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் (சுருக்கமாக ஃபைசா) 1978-ல் வந்தது. அதில் 2008-ல் சேர்த்த பிரிவு இது. அமெரிக்கர் அல்லாதவர், அமெரிக்க மண்ணுக்கு வெளியே இருப்பவர் என்ற இரண்டும் பொருந்தினால் போதும். வெளிநாட்டு உளவுத் தகவல் கிடைக்கும் என்ற காரணத்தைக் காட்டி, தனி வாரன்ட் இல்லாமலே அவருடைய மின்னஞ்சலையும் சாட்டையும் அமெரிக்க நிறுவனங்களிடமிருந்தே கேட்டு வாங்கலாம்.

நீதிமன்றம் இல்லாமல் இல்லை. அட்டர்னி ஜெனரலும் தேசிய உளவுத்துறை இயக்குநரும் ஆண்டுக்கு ஒருமுறை சான்றறிக்கை தயாரித்து ஃபைசா நீதிமன்றத்தில் வைப்பார்கள். நீதிபதி பார்ப்பது யாரைக் குறிவைக்கலாம், கிடைத்ததை யார் தேடலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்ற விதிமுறைகளை. இன்னார் என்ற பெயர்ப் பட்டியல் அவர் மேசைக்கு வராது. ஆளைத் தேர்ந்தெடுப்பது உளவுத்துறை ஆய்வாளர். 2023-ல் இப்படிக் குறிவைக்கப்பட்டவர்கள் 2,68,590 பேர். இந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். அவர்களோடு பேசியவர்களின் பேச்சும் கூடவே வந்து சேரும், அது இந்தக் கணக்கில் கிடையாது.

வாஷிங்டனில் நடக்கும் சண்டை நம்மைப் பற்றியதே அல்ல என்பதுதான் வேடிக்கை. வெளிநாட்டவரோடு பேசிய அமெரிக்கர்களின் செய்திகளும் அந்தக் குவியலில் விழுகின்றனவே, அதில் ஓர் அமெரிக்கரின் பெயரைப் போட்டு எஃப்.பி.ஐ. தேடும்போது வாரன்ட் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அந்தச் சண்டை. தேடல் எப்படிக் கைமீறியது என்பதை 2023-ல் வெளியான ஃபைசா நீதிமன்ற ஆவணம் காட்டியது. நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கு நன்கொடை கொடுத்த 19,000 பேரின் விவரங்களை ஒரே மூச்சில் போட்டுத் தேடியிருக்கிறார்கள். 2021 ஜனவரி 6 அமெரிக்க நாடாளுமன்றக் கலவரத்தில் சந்தேகிக்கப்பட்டவர்களும் 2020 இனவெறி எதிர்ப்புப் போராட்டக்காரர்களும் தேடப்பட்டிருக்கிறார்கள். அதனால் வலதுகோடிக் குடியரசுக் கட்சியினரும் இடதுகோடி ஜனநாயகக் கட்சியினரும் ஒரே பக்கம் நின்றார்கள். 2024 ஏப்ரல் 12 அன்று பிரதிநிதிகள் சபையில் வாரன்ட் கட்டாயம் என்ற திருத்தம் 212–212 என்று சமமானது. சமம் என்றால் தோல்வி. அதே மாதம் 20-ந் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்டு, பிரிவு இரண்டே ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டது.

இந்தக் கெடு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கெடு முடிந்த மறுநாளே கண்காணிப்பு நின்றுவிடாது. நீதிமன்றம் கடைசியாக ஒப்புதல் தந்த ஆண்டுச் சான்றறிக்கை காலாவதியாகும் வரை பழையபடி நடத்தலாம் என்று சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள்.

என் மகன் எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறான். அவன் அமெரிக்கர் கணக்கில் வருவானா, நம் கணக்கிலா?
– வாசகி, கோவை

சட்டத்தின் பார்வையில் ‘அமெரிக்கர்’ என்றால் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும். எச்-1பி அதில் சேராது. ஆனாலும் அவர் டெக்சாஸில் இருக்கும்வரை 702-ன் கீழ் அவரைக் குறிவைக்க முடியாது. அமெரிக்க மண்ணில் இருப்பவர் யாரையும் குறிவைக்கக் கூடாது என்பது விதி. அவரே பொங்கலுக்குக் கோவை வந்திறங்கினால் அந்தக் கவசம் கழன்றுவிடும். கிரீன் கார்டு வாங்கிவிட்டால் உலகில் எங்கே இருந்தாலும் கவசம் உண்டு.

தவறாகக் கண்காணித்தார்கள் என்று புகார் சொல்ல 2022 அக்டோபரில் ஓர் அதிபர் ஆணை மூலம் தனி மறுஆய்வு நீதிமன்றம் அமைத்தார்கள். அதன் கதவு ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து என்று அமெரிக்கா அறிவித்த நாடுகளுக்குத்தான் திறக்கும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இது நம் அரசு பேசி வாங்க வேண்டிய விஷயம். ஏனோ இங்கே யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

விசா விண்ணப்பத்தில் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்களே, எதுவரை சொல்ல வேண்டும்?
– வாசகர், மதுரை

டிஎஸ்-160 படிவம் கேட்பது கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய கணக்குப் பெயர்கள். பாஸ்வேர்டைக் கேட்பதில்லை, எழுதவும் எழுதாதீர்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் மறந்துபோன கணக்குகளால்தான். மூன்று ஆண்டுக்கு முன் மூடிய இன்ஸ்டாகிராம், கல்லூரிக் காலத்தில் வேறு பெயரில் வைத்திருந்த ட்விட்டர், ஐந்தாண்டுக்குள் பயன்படுத்தியிருந்தால் இவையும் அடக்கம். விட்டுவிட்டுப் பிறகு அது கண்ணில் பட்டால், கணக்கில் இருந்த பதிவைவிட மறைத்தது பெரிய குற்றமாகிவிடும். படிவத்தை நிரப்பும் முன் பழைய மின்னஞ்சல் பெட்டியில் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் போட்டுத் தேடினால், பதிவு செய்தபோது வந்த வரவேற்பு மடல் காட்டிக்கொடுத்துவிடும்.

2025 ஜூன் முதல் மாணவர் மற்றும் பரிமாற்ற விசாக்களுக்கும், 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாக்களுக்கும் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். நேர்காணலுக்கு முந்தைய இரவு நூறு பதிவுகளை அழிப்பதைவிட, லிங்க்ட்இன்னில் உள்ள வேலைத் தேதிகள் படிவத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது உருப்படியான வேலை. 2024 சட்டத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது: அமெரிக்கா வரும் வெளிநாட்டவரைச் சரிபார்க்க, 702-ல் சேர்ந்த குவியலிலும் தேட வழி செய்திருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் போனைத் திறக்கச் சொன்னால் மறுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

மறுக்கலாம். விலை ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்கக் குடிமகனைத் திருப்பி அனுப்ப முடியாது. போனை மட்டும் பிடித்து வைக்கலாம். விசாவில் வருபவரை அடுத்த விமானத்திலேயே ஏற்றிவிடலாம்.

எல்லைப் பாதுகாப்புத் துறையின் விதிப்படி சோதனை இரண்டு வகை. அதிகாரி கையாலே தள்ளித் தள்ளிப் பார்ப்பது சாதாரணச் சோதனை. அதற்குச் சந்தேகம் எதுவும் தேவையில்லை. கருவியை இணைத்து உள்ளடக்கத்தைப் பிரதி எடுப்பது தீவிரச் சோதனை. நியாயமான சந்தேகமோ தேசப் பாதுகாப்புக் காரணமோ இருக்க வேண்டும், மேலதிகாரியின் ஒப்புதலும் வேண்டும். இரண்டிலும் போன் ஏரோபிளேன் மோடில்தான் இருக்க வேண்டும். போனில் இருப்பதைப் பார்க்கலாம், கிளவுடில் இருப்பதை இழுக்கக் கூடாது. பிடித்து வைத்தால் 6051டி என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நாளுக்குள் திருப்பித் தருவது பொது விதி, நீட்டிக்கவும் செய்யலாம். 2024 நிதியாண்டில் சோதிக்கப்பட்ட கருவிகள் ஏறக்குறைய 47,000. வந்து போனவர்கள் 40 கோடிக்கும் மேல்.

நீதிமன்றங்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. நியூயார்க்கின் ஜேஎஃப்கே நிலையம் அடங்கிய மாவட்டத்தில் 2024-ல் ஒரு நீதிபதி வாரன்ட் வேண்டும் என்றார். ஃபுளோரிடா, ஜார்ஜியாவை உள்ளடக்கிய மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2018-லேயே சந்தேகம்கூடத் தேவையில்லை என்றுவிட்டது. ஆக, ஜார்ஜியாவின் அட்லாண்டாவில் இறங்குகிறீர்களா, நியூயார்க்கிலா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது.

இறங்கும் முன் போனை லாக் செய்தால் போதாது, முழுவதுமாக அணையுங்கள். மறுபடி பாஸ்கோடு போடும்வரை உள்ளே உள்ள பெரும்பாலான தகவல்கள் பூட்டியே இருக்கும்; முகமும் விரலும் வேலை செய்யாது. நான்கு இலக்க எண்ணுக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பாஸ்கோடு வையுங்கள். படங்களை அழித்ததாக நினைப்பவர்கள் குப்பைத் தொட்டியை மறந்துவிடுகிறார்கள்: ஐபோனில் 30 நாள், கூகுள் போட்டோஸில் 60 நாள் வரை அவை அங்கேயே கிடக்கும். அதற்காகத் துடைத்துவைத்த வெறும் போனோடு போகாதீர்கள். அதுவே கேள்வியைக் கிளப்பும்.

சீனர்கள் அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு அமைப்புக்குள்ளேயே புகுந்தார்களாமே?
– வாசகர், சேலம்

‘சால்ட் டைஃபூன்’ என்று பெயரிடப்பட்ட கும்பல். 2024-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஏடி அண்ட் டி, வெரிசான், லூமென் என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் சிக்கின. 1994-ல் போட்ட ஒரு சட்டப்படி, போலீஸ் வாரன்ட்டோடு வந்தால் ஒட்டுக்கேட்க வசதியாகத் தொலைபேசி நிறுவனங்கள் ஒரு வழி வைத்திருக்க வேண்டும். அந்த வழியையே திருடர்கள் தேடிப் போனார்கள். உள்ளே நுழைய மாயமந்திரம் ஒன்றும் இல்லை: திருடிய லாகின்களும், திருத்தம் வந்தும் போடாமல் விட்ட ரூட்டர் ஓட்டைகளும்தான். அதில் சிஸ்கோ நிறுவனக் கருவியில் இருந்த ஓர் ஓட்டைக்கு 2018-லேயே திருத்தம் வந்துவிட்டது.

வாட்ஸ்அப், சிக்னல் போன்ற முழு மறையாக்கச் செயலிகளுக்கு (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாதவை) அரசு நுழையப் பின்கதவு வேண்டும் என்று எஃப்.பி.ஐ. பல ஆண்டு மன்றாடியது. 2024 டிசம்பரில் அதே அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு, முக்கியப் பதவியில் இருப்பவர்கள் அந்த மாதிரிச் செயலிகளைத்தான் பயன்படுத்த வேண்டும், எஸ்எம்எஸ் ஓடிபியை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. இந்த வாதத்தில் யார் சொன்னது சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் என் வாட்ஸ்அப்பில் ஓட்டையே இல்லையா?
– அதே வாசகர்

ஓட்டை பேக்கப்பில் இருக்கிறது. சாட் மறையாக்கத்தோடு போனாலும், கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ ஏறும் பிரதிக்கு அந்தப் பாதுகாப்பை நீங்களே இயக்க வேண்டும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் அதற்கான தேர்வு இருக்கும். பாஸ்வேர்ட் அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்; தொலைத்தால் அந்த பேக்கப்பை வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. இதையெல்லாம் செய்த பிறகும், யாரோடு எப்போது தொடர்பு கொண்டீர்கள் என்ற விவரத்தை நிறுவனத்திடமிருந்து மறைக்க முடியாது.