எண்ணூர்ச் சாம்பல் மண்ணில் கீரை போடலாமா?

வணக்கம் சகோதரி. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோரம் படிந்த அனல்மின் நிலையச் சாம்பல் மண்ணைக் கொட்டி மேடாக்கிய மனையில் கீரை போடலாமா, வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம், காட்மியம் எல்லாம் உண்டு. இவை மட்கிப் போகாது, கீரையை வேகவைத்தாலும் போகாது. கீரை வகைகள்தான் காட்மியத்தை அதிகம் இழுக்கும். வெண்டை, தக்காளிக் காய்களில் குறைவாகவே ஏறும்.

அரசின் மண்வள அட்டைச் சோதனையில் தழை, மணி, சாம்பல் சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), துத்தநாகம் மாதிரியானவைதான் வரும். ஈயம், காட்மியம் வராது. அதனால் கன உலோகச் சோதனை என்று தனியாகக் கேளுங்கள். மேல் அரையடி மண்ணை நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து கொடுங்கள். துருப்பிடித்த மண்வெட்டி வேண்டாம். சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். அது ஈயத்தை அடக்கும், ஆனால் ஆர்சனிக்கைக் கிளப்பிவிடலாம். முடிவு வரும்வரை போடாதீர்கள்.

அதுவரை வெளியூர்ச் செம்மண் வாங்கி மாடித் தொட்டியில் கீரை போடலாம். கீரையைவிடக் குழந்தையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தரையில் படியும் தூசி கையோடு வாய்க்குப் போகும். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், செருப்பை வெளியிலேயே விடுங்கள். அப்புறம், குழந்தைக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள்.